மார்கழியில் காய்ந்த மணவறை

தை மாதத்துக்கு வந்த சேலைப் பொதிகளைக் கடையில் பிரித்துக்கொண்டிருந்தபோது மலர் அக்காவின் கணவர் சிவம் அண்ணை தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, மலர் போயிட்டா. ஒப்பரேசன் சரி எண்டுதான் சொன்னவங்கள். விடியக் காலமை போயிட்டா." சேலை வாங்க வந்து எதிரே நின்ற ஓர் அம்மாவுக்குப் பாதி சொல்லியிருந்த விலையை நான் முடிக்கவில்லை.

மொன்றியலில் தமிழ் முறைப்படி கலியாணம் செய்தவர்களில் பலர் மலர் அக்கா செதுக்கி வாடகைக்கு விட்ட மணவறையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். அவரைத் திருகோணமலைக்காரி என்று சிலருக்குத் தெரியும், டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவர் என்று சிலருக்குத் தெரியும், வாய்க்காரி என்று எல்லோருக்கும் தெரியும். நான் அதிகம் அறிந்தது ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருந்த அவருடைய வீட்டுக் கராஜை.

மார்கழியில் நாங்கள் கலியாணம் வைப்பதில்லை. தை பிறந்தால் மண்டபங்கள் நிரம்பிவிடும். ஆகவே உடைந்த தூணைத் திருத்த, மங்கிய மயிலுக்கு நிறம் பூச, மணவறைக்காரருக்குக் கிடைப்பது மார்கழி ஒன்றுதான். ஊரில் அது பனிக்காலம். இங்கே மூக்கு மயிரும் உறையும் காலம். மணவறைத் தூண்கள் ரெஜிபோமில், அதாவது வெள்ளை நுரைப்பலகையில் செதுக்கியவை. எண்ணெய்ப் பெயின்ற் பட்டால் அது கரைந்து போகும். தண்ணீர்ப் பெயின்ற்தான் பூசவேண்டும். அதுவோ குளிரில் காயாது. வாளிக்குள்ளேயே உறைந்துவிட்டால் திரைந்த பால்தான். பஞ்சாங்கமும் இந்த ஊர்க் குளிரும் சேர்ந்து அக்காவுக்கு வைத்த வில்லங்கம் இது.

கராஜில் முதலில் வெளியேறியது சிவம் அண்ணையின் கார். பனியோடு உள்ளே வரும் கார் உருகி ஈரம் விடும், ஈரம் இருந்தால் பூச்சு காயாது என்பது அக்காவின் தீர்ப்பு. நான் ஒருநாள் போனபோது அண்ணை முற்றத்தில் பனிக்குள் புதைந்த காரைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கோ தம்பி, தூண் உள்ள சுகமா நிக்குது. கார் வாங்கினவன் வெளியில விறைக்கிறான்."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "காருக்குத் தடிமன் காய்ச்சல் பிடியாது. என்ரை தூணுக்குப் பிடிக்கும். பனியை வழிக்குங்கோ!"

அப்போது மண்ணெண்ணெய் ஹீற்றர்கள் சில என்னிடம் இருந்தன. நான் வியாபாரி. ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா அதைச் சுற்றிப் பார்த்தார். "ரெஜிபோம் இருக்கு, பசை இருக்கு, பூட்டின கதவு இருக்கு. இதுக்குள்ள நெருப்பு வைக்கச் சொல்லுறியள். தம்பி, இது ஹீற்றர் விக்கிற கதையோ, என்னை மேல அனுப்பிற கதையோ?" அதைத் திருப்பிக் காரில் ஏற்றினேன்.

அவர் செய்த முறை வேறு. "முதல்ல ஓட்டையை அடைக்கவேணும், பேந்துதான் சூட்டைப் பற்றி யோசிக்கவேணும்" என்பார். பெரிய கதவின் உட்புறம் முழுவதும் காப்புப் பலகை அடித்தார். கதவின் அடியில் ரப்பர் பட்டி ஓடியது. சீமெந்துத் தரைக்கு மேல் மரத்தட்டுகளும் அவற்றின் மேல் பழைய கம்பளமும் வந்தன. குளிர் காலால் ஏறும் என்று அவருக்குத் தெரியும். கடைசியாகத்தான் மின்சார வேலைக்காரரைக் கூப்பிட்டு, தனி வயர் இழுத்து, கூரையோடு ஒரு மின் ஹீற்றரைத் தொங்கவிட்டார். அதைக் குறைந்த சூட்டில் எந்நேரமும் எரியவிட்டார். வேலை நேரத்தில் மட்டும் போட்டால் காற்று சுடும், பெயின்றும் பலகையும் குளிர்ந்தே கிடக்கும் என்பது அவர் கண்ட பாடம்.

வெளிச்சத்துக்கு, மூடிய தையல் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பழைய ரியூப் லைற்றுகள் வாங்கினார். குளிர் நாளில் சுவிட்சைப் போட்டால் அவை கண்ணடித்துக்கொண்டே நிற்கும். "என்னைப் பார்த்துக் கண்ணடிக்க இதுக்கு வயசு காணாது" என்று கழற்றி எறிந்துவிட்டு, குளிரிலும் உடனே பற்றுகிற புது வகையை மாட்டினார். வெள்ளை வெளேரென்ற வெளிச்சம். நிழல் விழாது. செதுக்க அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அந்த வெளிச்சம்தான் அவரை ஒருமுறை சந்திக்கு இழுத்தது.

கணபதிப்பிள்ளையரின் மூத்த மகளுடைய கலியாணம். பஞ்சாங்கம் பார்க்காமல் பல்லுத் தீட்டாத மனுசன். அந்த மணவறையின் நாலு தூணில் ஒன்று உடைந்து, அக்கா புதிதாகச் செதுக்கி, பழைய மூன்றின் அரக்கு நிறத்துக்கு ஏற்றபடி கலந்து பூசியிருந்தார். கராஜில் நானே பார்த்தேன். எது புதிது என்று சொல்ல முடியாது. கலியாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் மண்டபத்தில் கொண்டுபோய் நிறுத்தி, மண்டபத்தின் மஞ்சள் பல்புகளைப் போட்டார்கள். மூன்று தூண் அரக்கு. ஒன்று பழுத்த பாக்குத் தோல் நிறம்.

கூறைச்சேலை என் கடையில் எடுத்தது; மணவறைக்கு அக்காவைச் சொல்லிவிட்டவனும் நான். "அக்கா, பூமாலையைச் சுத்தி மறைச்சு விடுவம்" என்றேன்.

"மறைச்சா நாளைக்கு வீடியோவில தெரியும். அந்தப் பிள்ளை சாகுமட்டும் அந்தத் தூணைத்தான் பார்க்கும்."

நேரே போய்க் கணபதிப்பிள்ளையரிடமே சொன்னார்: "ஐயா, ஒரு தூண் பிழைச்சுப் போச்சு. வெளிச்சத்தைப் பார்க்காமல் பூசினது நான். நாளைக்குச் சரியா நிக்கும். நிக்காட்டி ஒரு சதம் வேண்டாம், வெறும் பந்தல் போட்டுத் தாறன்." அவர் முகம் கறுத்தது.

அக்கா மண்டபத்து விளக்குக்குக் கீழேயே நிறம் கலந்து தூணைத் திரும்பப் பூசினார். காயவைக்கச் சூடான இடம் எது? சமையலறை! பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த சமையல்காரர் தூண் வருவதைப் பார்த்தார்.

"அக்கா, இதையும் பொரிக்கவோ?"

"எண்ணெய் தெறிச்சால் உம்மைப் பொரிப்பன். தூண் அடுப்புக்குக் கிட்ட வேண்டாம், நீர் அந்தப் பக்கம் நகரும்."

மறுநாள் நாலு தூணும் சகோதரிகள்போல நின்றன. கணபதிப்பிள்ளையர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். விரலில் நிறம் ஒட்டவில்லை.

அதன் பிறகு கராஜில் இரண்டு சுவிட்சுகள் வந்தன. ஒன்று செதுக்கும் வெள்ளை வெளிச்சத்துக்கு. மற்றது மண்டபங்களில் இருப்பதுபோன்ற மஞ்சள் பல்புகளுக்கு. மண்டபம் மாறினால் முதலில் போய் அண்ணாந்து பார்ப்பார். சுருள் பல்புகள் வந்து சில மண்டபங்களில் புகுந்தபோது அதிலும் ஒன்று வாங்கி மாட்டினார். "செய்யிற வெளிச்சம் எங்கடை வசதிக்கு. சனம் பார்க்கிற வெளிச்சத்திலதான் எங்கடை மானம் நிக்குது" என்பார். நான் இதைக் கேட்டுவிட்டு என் கடை மூலையில் ஒரு மஞ்சள் பல்ப் போட்டேன். கூறை எடுக்கிறவர்கள் அதன் கீழ் விரித்துப் பார்த்த பிறகே நான் பில் துண்டு எழுதுவேன். சில சேலைகள் அந்த மூலையில் விலைப்படாமல் திரும்பின. ஆனால் கலியாணம் முடிந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு யாரும் கடைக்குத் திரும்பவில்லை. வியாபாரத்தில் எது லாபம் என்று எனக்குத் தெரியும்.

போன கார்த்திகையில் அக்கா கூப்பிட்டார். "தம்பி, சென்ட் லோரன்ட்டில இருக்கிற உங்கடை ஸ்டோரில எனக்கொரு மூலை வேணும். மணவறையை அங்க கொண்டு வாறன். சிவத்தார் பாவம், இந்த வருசமாவது அவரின்ரை கார் உள்ள நிக்கட்டும்." கணபதிப்பிள்ளையரின் இளைய மகளுக்குத் தையில் கலியாணம், அதற்கு ஒப்புக்கொண்ட மணவறை அது; மூத்தவளுக்கு நின்ற அதே மணவறை. சேலைப் பொதிகள் கிடக்கும் அவ்வளவு பெரிய ஸ்டோரை எப்படிச் சூடாக்குவது என்று நான் முணுமுணுத்தேன். "முழு ஸ்டோரையும் சூடாக்கி ஆகாயத்துக்கு விக்கப்போறியளோ? மூலையை மட்டும் மறையுங்கோ." தடித்த பிளாஸ்ரிக்கால் திரை கட்டி, ஹீற்றர் வைத்து, மஞ்சள் பல்பையும் கையோடு கொண்டுவந்து மாட்டினார். கடைசிப் பூச்சைக் கதிரையில் உட்கார்ந்தபடிதான் பூசினார். மூச்சு வாங்கியது. இருதயத்தில் சின்ன ஒப்பரேசன் என்று சொன்னார். நானும் சின்னது என்றே எடுத்துக்கொண்டேன்.

செய்தி வந்த அன்று லொங்குய்க்குப் போனேன். கராஜ் கதவு திறந்து கிடந்தது. பனித்துளி இல்லாமல் கார் உலர்ந்து நின்றது. சிவம் அண்ணை அதன் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, நான் சந்தோசமா உள்ள விட்டனான். 'இப்பவாவது என்னில இரக்கம் வந்துதே' எண்டு பகிடியும் விட்டனான். செத்தவீட்டிலயிருந்து மணவறை எடுக்கமாட்டினம் எண்டு முதலே யோசிச்சுப் பார்த்திருக்கிறா. கார் ஏன் உள்ள நிக்குது எண்டு எனக்கு இப்பதானே விளங்குது."

சாவுத் துடக்குள்ள வீட்டுப் பொருள் கலியாணத்துக்குப் போகாது. இது நம் எல்லோருக்கும் தெரியும். தன் சாவு இன்னொருத்தியின் கலியாணத்தைத் தொடக்கூடாது என்று, மூச்சு வாங்குகிற உடம்போடு அந்த மணவறையை ஆற்றைக் கடத்திக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

ஆனாலும் கணபதிப்பிள்ளையரிடம் சொல்லாமல் விடுவது முறையல்ல. அக்கா என்றால் சொல்லியிருப்பார். கூப்பிட்டுச் சொன்னேன். மனுசன் முதலில் இதைத்தான் கேட்டார்.

"மணவறை எங்க நிண்டது?"

"என்ரை ஸ்டோரில ஐயா. கார்த்திகையில இருந்து."

"அப்ப என்னத்துக்கு என்னைக் கேக்கிறீர்?" பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "தம்பி, அண்டைக்குச் சமையலறையில காஞ்ச தூண் இருக்கெல்லே, அதைப் பிள்ளையின்ரை பக்கமா வையும்."

எது அந்தத் தூண் என்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் நாலையும் மாறி மாறிப் பார்த்தேன். தெரியாதபடி செய்ததுதானே அக்காவின் கெட்டித்தனம். கடைசியில் ஒன்றை எடுத்து மணமகள் பக்கம் நிறுத்தினேன். கலியாணம் குறையில்லாமல் நடந்தது.

மணவறை இப்போது மீண்டும் ஸ்டோர் மூலையில் திரைக்குள் நிற்கிறது. ஹீற்றரை நான் அணைக்கவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சூடும், கடை மூலையில் எரியும் மஞ்சள் பல்பும்தான். நேற்று ஒரு பிள்ளை கூறையை அதன் கீழ் விரித்துக்கொண்டு கேட்டாள்: "அங்கிள், அந்தப் பக்கம் நல்ல வெளிச்சமா இருக்கே, ஏன் இங்க கொண்டு வாறீங்கள்?"

"அது என்ரை வெளிச்சம், பிள்ளை," என்றேன். "இது உம்மைச் சனம் பார்க்கப்போற வெளிச்சம்."