கஸ்தூரி அக்கா மை வைத்த உபுண்டு சிடி

ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை, கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டுவதுதான். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்றில் வரும் சாம்பல் ஒரே ராத்திரியில் எல்லா இடுக்கிலும் குடியேறியிருக்கும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள்... திருவொற்றியூரில் எனக்கு ஒரு பிரவுசிங் சென்டர். பேர்தான் சென்டர், இருந்தது மூன்றே சிஸ்டம்.

அடுத்து மீன் வாசனை வரும். கஸ்தூரி அக்கா. வியாபாரம் முடிந்ததும் கூடையை வாசலில் வைத்துவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு தினமும் பேரனைப் பார்க்க வருவார்.

பேரன் இருந்தது அந்தமானில், மகள் வீட்டில். நேரில் பார்த்ததே இல்லை. கப்பலேறிப் போய்வர வசதியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ கேமராவில் எடுத்து மெயிலில் அனுப்பிய ஒரே ஒரு படம். அந்தக் கால மெயிலில் இடம் ஏது? படத்தைச் சிஸ்டத்தில் இறக்கி வைத்ததும் மெயிலை அழித்துவிடுவோம். படம் எடுத்தவரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

ஒரு நாள் வைரஸ் வந்து அந்த சிஸ்டம் படுத்துவிட்டது.

மெக்கானிக் வந்து பார்த்தார். "ஃபார்மட் பண்ணாதான் உயிர் வரும்க்கா. உள்ள கீறதெல்லாம் பூடும்."

கஸ்தூரி அக்கா கறுத்துக் கிடந்த திரையையே பார்த்தார். "எம் பேரன் உள்ளதான கீறான்... அவன் எங்க பூடுவான்?"

ஃபார்மட் பண்ண வேண்டாமென்று மெக்கானிக்கை அனுப்பிவிட்டேன்.

அப்போதுதான் ஒரு தோஸ்து அந்த சிடியைக் கொடுத்தான். "உபுண்டு. விண்டோஸுக்குப் பதிலா போடற லினக்ஸ். புதுசா வர்றவங்களுக்கு ஈஸி. காசே இல்ல, கேட்டா போஸ்ட்ல அனுப்புறாங்க. சிடிலருந்தே ஓடும், டிஸ்க்க தொடாது." சும்மா வருகிற சாமான் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் போட்டேன்.

டிரைவ் கரகரவென்று சுற்றியது... மேளம் தட்டுவது போல ஒரு சத்தம். ஈரமணல் நிறத்தில் திரை விரிந்தது. ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்துகொண்டே போனேன்.

பொக்கை வாயோடு சிரித்தான் பையன்.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எந்த நாட்டிலோ முகம் தெரியாத யார் யாரோ உட்கார்ந்து எழுதி, ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தது... இங்கே ஒரு மீன்காரம்மாவுக்குப் பேரனை மீட்டுக் கொடுத்துவிட்டதே! அக்கா திரையை இரண்டு கையாலும் வழித்து நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார்.

மறுநாள் படத்தை வேறு சிஸ்டத்துக்கு மாற்றலாம் என்று சிடியைப் போட்டால்... ஓடவே இல்லை. வெளியே எடுத்துப் பார்த்தேன். பளபளக்கும் பக்கத்தில் பட்டாணி அளவுக்குக் கண்மைப் பொட்டு!

"நீ டீ வாங்கப் போனப்போ நான்தான் வெச்சேன் கண்ணு," என்றார் அக்கா. "புள்ளைய இட்டாந்து குடுத்துச்சே, அதுக்கு கண்ணு பட்டா இன்னா பண்றது?"

சிரிப்பதா அழுவதா? பஞ்சால் மெல்ல மெல்லத் துடைத்து மறுபடி போட்டேன். நல்லவேளை, ஓடியது. படத்தை முதலில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் மூச்சு விட்டேன். பிறகு மூன்று சிஸ்டத்திலும் உபுண்டுதான்.

அக்காவோ மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சிபாரிசு. "வூட்ல கம்ப்யூட்டர் கீதா நைனா? அந்த சும்மா குடுக்கற சிடிய போடு. வைரஸ் கிரஸ்னு கலீஜ் ஒண்ணும் அண்டாது."

இப்போது எங்கள் லினக்ஸ் குரூப்பில் புதிதாக யாராவது "எந்த லினக்ஸ் போடலாம்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சண்டை போடுகிறோம். இறக்கிக்கொள்ளப் பத்து நிமிஷம்கூட ஆவதில்லை. யாருக்கும் சிலிர்ப்பதும் இல்லை.

போன மாதம் அந்தப் பேரன் வந்தான். காலேஜ் படிப்புக்காகப் பாட்டி வீட்டிலேயே தங்கியிருக்கிறான். கையில் லேப்டாப். "ஆன்ட்டி, புதுசா கத்துக்கறவங்களுக்கு எது ஈஸி?"

பென் டிரைவைச் செருகி உபுண்டுவைப் போட்டுக் கொடுத்தேன். கூட வந்திருந்த கஸ்தூரி அக்கா, விரலில் மையைத் தொட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் தேடினார்.

"சிடி எங்க கண்ணு?"

"இப்பல்லாம் சிடியே இல்லக்கா."

அக்கா அந்த மையைப் பேரனின் தாடி முளைத்த கன்னத்தில் வைத்தார்.

துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான் அவன்.