ராஜாவின் முதுகு

எங்கள் அப்பாவின் முதுகு ஒரு சினிமாவில் நடித்திருக்கிறது. முகத்துக்கு வேறு ஆள் இருந்தார். ஊரெல்லாம் தெரிந்த சிரிப்பு நடிகர் அவர்.

அப்பா குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. அருவிக்கு வருகிறவர்களைக் குப்புறப் படுக்கவைத்து, பிடரியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் தேய்த்து, உருவி, கடைசியில் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி எழுப்பி அனுப்புவார். அம்மா வீட்டிலிருந்து பீடி சுற்றுவாள். நான் அப்போது நாலாம் வகுப்பு.

அந்த வருஷம் சாரலோடு சினிமாக்காரர்களும் வந்து இறங்கினார்கள். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பில் அரண்மனை எழும்பியது. தூண்கள் எல்லாம் தெர்மோகோல். காலையில் தங்க நிறத்தில் இருக்கிற அரண்மனை, சாரல் அடித்து மத்தியானத்துக்குள் வெளிறிவிடும். ஒரு பெயிண்டர் அண்ணன் ஏணியோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருப்பார்.

படத்தின் கதையை அப்பா இரண்டு நாளில் தெரிந்துகொண்டு வந்து எங்களுக்குச் சொன்னார். சண்டைக்குப் பயந்து ஒரு ராஜா ஓடிப்போய்விடுகிறான். அவன் சாயலிலேயே இருக்கிற ஒரு மோர்க்காரனை மந்திரி பிடித்து வந்து சிம்மாசனத்தில் உட்காரவைக்கிறார். பாதியில் ராஜா திரும்பி வருகிறான். பிறகு யார் ராஜா, யார் மோர்க்காரன் என்று தெரியாமல் அரண்மனையே ஒருவரை ஒருவர் துரத்துகிறது. ராஜாவும் மோர்க்காரனும் ஒரே நடிகர்தான். இருவரும் சேர்ந்து நிற்கிற இடங்களில் ஒருவர் முகம் காட்டினால் மற்றவர் முதுகு காட்ட வேண்டும். முதுகுக்கென்று சென்னையிலிருந்து கூட்டி வந்த ஆள், வந்த அன்றே அருவியில் வழுக்கிக் காலைப் பிசக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

எண்ணெய் தேய்த்துக்கொள்ள வந்த உதவி இயக்குநர், பாட்டிலை எடுக்கக் குனிந்த அப்பாவைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "அண்ணே, அப்படியே நில்லுங்க" என்று கத்தினாராம். அப்பா முதுகில் அட்டை ஏறிவிட்டது என்று நினைத்துச் சட்டையைத் தட்டியிருக்கிறார். நடிகருக்கு இருக்கிற அதே கழுத்து, அதே தோள், அதே இடுப்பு. மறுநாளே அப்பாவின் முதுகுக்கு வேலை கிடைத்துவிட்டது.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னையும் கூட்டிப்போனார். நான் பார்த்த முதல் காட்சியில் ராஜாவும் மோர்க்காரனும் தூணைச் சுற்றி ஓடி வந்து முட்டிக்கொள்ள வேண்டும். மோர்ப்பானை ராஜாவின் தலையில் கவிழ வேண்டும். மோர் வெள்ளையாகத் தெரியவில்லை என்று மைதாவைக் கரைத்து வைத்திருந்தார்கள். மோர்க்காரனாக நடிகர் ஓடி வந்தார். ராஜாவின் முதுகாக அப்பா ஓடினார். ஒருமுறை பானை கவிழவில்லை. ஒருமுறை தூண் கவிழ்ந்தது. இன்னொரு முறை எல்லாம் சரியாக நடந்து, மந்திரி வேஷக்காரர் தன் வசனத்தை மறந்து சிரித்துவிட்டார். ஏழு தடவை அப்பாவின் தலையில் மைதா இறங்கியது. ஒவ்வொரு தடவையும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் கண்ணில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாரல் வலுத்துப் படப்பிடிப்பு நின்றது. இயக்குநர் வேனுக்குள் தூங்கப் போய்விட்டார். தோப்பைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் சனம் நனைந்துகொண்டே நின்றது. அப்பா ராஜா வேஷத்தில் ஓரமாக ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் காலடியில் கடலை தின்றுகொண்டிருந்தேன். நடிகர் எங்களிடம் வந்தார்.

"அண்ணே, குற்றாலம் வந்து பத்து நாளாச்சு. இன்னும் அருவியில தலைய காட்டல. நான் போனா கூட்டம் விடாது. ஒரு மணி நேரம் என் நாற்காலியில நீங்க உக்காந்திருந்தா, அவங்க பார்வை எல்லாம் உங்க மேலதான் இருக்கும். நான் நைசா ஓடிப் போய்க் குளிச்சுட்டு வந்துடுவேன்."

அப்பா பயந்தார். "கண்டுபிடிச்சிட்டாங்கன்னா தோப்பையே ரெண்டாக்கிருவாங்க சார்."

"இந்த மீசைக்குப் பின்னாடி யாரு இருந்தாலும் ராஜாதான் அண்ணே" என்றார் நடிகர். அதுவும் உண்மைதான். தப்பித்தவறித் திரும்பிவிட்டாலும் ராஜாவாகவே தெரிய வேண்டும் என்று அப்பாவுக்கும் முழு வேஷம்தான்: முகம் முழுக்க ரோஸ் பவுடர், கன்னத்தில் இரண்டு சிவப்பு வட்டம், காது வரை போகிற மீசை. மிச்சமிருந்தது மூக்கு மட்டும்.

நடிகர் விக்கைக் கழற்றினார். வழுக்கைத் தலை. அதை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அப்பா கழற்றி வைத்திருந்த எண்ணெய்க்கறை வேட்டியைக் கட்டிக்கொண்டார். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். வேஷம் என்றால் முழுசாக இருக்க வேண்டும் என்று, அப்பாவின் எண்ணெய்ப் பாட்டில் கூடையையும் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்தார். அவருக்கு அன்று வினை அந்தக் கூடையில்தான் இருந்தது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். உதவி இயக்குநர் பக்கத்தில் நின்றுகொண்டார். ஒரு ஆள் பெரிய குடையைப் பிடித்தார். இன்னொரு ஆள் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதை வாங்கிக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர்கூட இருந்தார்கள். "ராசா! ராசா!" என்று கையை ஆட்டினார்கள். அப்பா பயத்தில் லேசாகக் கையைத் தூக்கினார். ஊரே ஓவென்று கத்தியது.

அப்போதுதான் தோப்பு முதலாளி குடும்பத்தோடு மாலையும் பொன்னாடையுமாக உள்ளே வந்தார். வாராவாரம் அப்பாவைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவர் அவர். "ஏலே, நேரமாச்சுல்லா, வெரசா தேயி" என்று அவர் அதட்டுவதை நான் கேட்டிருக்கிறேன். மற்றவர்களை ஏமாற்றலாம். வாரம் தவறாமல் அப்பாவின் கைக்குக் கீழே கிடக்கிறவரை எப்படி ஏமாற்றுவது? அவர் கோபப்பட்டால் படப்பிடிப்பே வெளியே போக வேண்டியதுதான். அப்பாவுக்கும் அதன்பிறகு அந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்?

அவர் அப்பாவுக்கு மாலை போட்டார். பொன்னாடையைப் போர்த்தும்போது மீசையின் ஒரு முனை ஈரத்தில் பெயர்ந்து தொங்கியது. உதவி இயக்குநர் பாய்ந்து அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தபடி, "சாருக்குத் தொண்டை கட்டியிருக்கு, பேச முடியாது" என்றார். தொண்டைக்கும் மீசைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. போட்டோ எடுக்கிற வரைக்கும் அந்தக் கட்டைவிரல் அங்கேயே இருந்தது.

முதலாளி கிளம்புமுன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கியவர் விடவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"எங்கயோ பழகுன கை மாதிரில்லா இருக்கு?"

"ரசிகர்கள் எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க" என்றார் உதவி இயக்குநர்.

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் மேலும் இரண்டு முறை குலுக்கிவிட்டு நகர்ந்தார். அவர் அப்பாவிடம் எப்போதும் குப்புறத்தான் படுத்திருக்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. முகத்தை எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

நான் மூச்சுவிட்டு நிமிர்ந்தால், எதிரே அம்மா. கையில் தூக்குச்சட்டி. பீடிக் கம்பெனியில் சுற்றிய பீடியைப் போட்டுவிட்டு, அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறாள். கயிற்றை விலக்கி, வரிசையாக ராஜாவைப் பார்க்க விட்ட பெண்களோடு அவளும் வந்துகொண்டிருந்தாள். முதலாளி இன்னும் பத்தடி தூரத்தில்தான் நிற்கிறார். "இங்கன உக்காந்து என்ன செய்யுதீய?" என்று அம்மா ஒரு வார்த்தை கேட்டால் போதும். நான் கண்ணைக் காட்டினேன். கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

அம்மா அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். கிரீடத்தைப் பார்த்தாள். மாலையை, பொன்னாடையை, குடை பிடிக்கிற ஆளை, குடிக்காத சாற்றை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்பா தடுமாறி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அம்மா தூக்குச்சட்டியைக் கீழே வைத்து, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள்.

"எந்திரிக்காண்டாம் ராசா. உக்காந்திருங்க."

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அம்மா தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தாள். "அப்பா எங்கன நிக்காவளோ, வந்தா குடுத்திருட்டி" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கக் கடலையை வாய்நிறைய அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

நடிகர் ஒரு மணி நேரத்தில் திரும்பவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, முழங்கை வரை எண்ணெயோடு வந்து பெட்டிமேல் சாய்ந்தார். அருவிக்கரையில் கால் வைத்ததுமே ஒருவர் கூடையைப் பார்த்துவிட்டு முன்னால் வந்து படுத்துக்கொண்டாராம். மறுத்தால் கூட்டம் சேருமே என்று நடிகர் தேய்த்திருக்கிறார். அவர் எழுந்ததும் அவருடைய மச்சினன் படுத்திருக்கிறார். பிறகு மாமனார். "இம்புட்டு வயசாச்சு, ஒரு முதுகு தேய்க்கத் தெரியலையேவே. தொழில் தெரிஞ்சவர இங்க காணலையே, எங்க போனாரு?" என்று மாமனார் திட்டிவிட்டுப் போனாராம். கடைசிவரை நடிகர் அருவியில் தலையைக் காட்டாமலே வந்துவிட்டார்.

அப்பா எழுந்து நடிகரை நாற்காலியில் உட்காரவைத்து, சிவந்துபோன அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். "எப்படிண்ணே தினமும் இதைப் பண்றீங்க?" என்று கேட்டார் நடிகர். அப்பா சிரித்துக்கொண்டே அடுத்த விரலைப் பிடித்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நான் செருப்பைக் கழற்றுமுன்னே அம்மாவிடம் விஷயத்தை உடைத்தேன். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆத்தாடி! அது அப்பாவா? எனக்குத் தெரியவே இல்லையேட்டி!"

அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோற்றை வைத்தாள்.

முதலாளி வந்ததை மட்டும் விட்டுவிட்டு, இந்தக் கதையை நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். கல்யாண வீடுகளில் சொன்னேன். கட்டின புருஷனையே அடையாளம் தெரியாமல் கும்பிட்டவள் என்று சொந்தக்காரர்கள் அம்மாவை ஓட்டினார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அடுத்த தை மாதம் படம் வந்தது. தென்காசியில் ஒரு தியேட்டருக்கு மூன்று பேரும் போனோம். அம்மா நடுவில், இரண்டு பக்கமும் நாங்கள். படத்தில் எந்த முதுகு அப்பா, எந்த முதுகு நடிகர் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அம்மா மட்டும் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். "அந்தா ஓடுதாவல்லா, அது அப்பா." "இது அவருட்டி, அப்பா இல்ல." மைதா கவிழ்ந்தபோது, "பாவம், கண்ணுக்குள்ள போயிருக்கும்" என்றாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரு இடத்தில் இருட்டில் ஒரு தோள் மட்டும் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. அதையும் சொல்லிவிட்டாள். நான் அப்பாவை எட்டிப் பார்த்தேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"முதுகெல்லாம் கரெக்டா சொல்லுத. அன்னைக்கு நேருக்கு நேரா நின்னு மூஞ்சியப் பாத்தும் தெரியலையேம்மா!" என்றேன்.

"என்ன செய்யட்டி. என் கண்ணு அப்படி" என்றாள் அம்மா.

எனக்கு உண்மையிலேயே கவலை வந்துவிட்டது. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அந்த இருட்டிலேயே அப்பாவிடம் சொன்னேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். "போவோம், போவோம்" என்றார். இருவரும் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். திரையில் ராஜா வழுக்கி விழுந்துகொண்டிருந்தார். அதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.