கூறைச்சேலை மஞ்சளான கதை

1. ஒரு விசித்திரமான புகார்

"அண்ணா, என்ர கூறை மஞ்சளாப் போச்சு."

பிரிண்டர் சர்வீஸ் கவுன்ட்டரில் இருபது வருஷம் நின்றவன் நான். பேப்பர் சிக்கிக்கொண்டது, கம்ப்யூட்டர் பிரிண்டரைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது என்று எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். கல்யாணப் புடவை நிறம் மாறிவிட்டது என்று யாரும் வந்து நின்றதில்லை.

கடை சிட்னியில், செவன் ஹில்ஸ் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள், ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் ரிப்பேர் பெஞ்ச். இரண்டுக்கும் நான் ஒருவனே. முதலாளி கிரெக், ஆபீஸ் காப்பியர் ஒப்பந்தம் பிடிக்க ஊர் சுற்றிக்கொண்டிருப்பார். 2004ஆம் வருஷம்.

வந்தவள் சுகந்தி. யாழ்ப்பாணத்துப் பெண். முதியோர் இல்லத்தில் வேலை. பக்கத்து டூங்காபியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். எட்டு மாதம் முன்பு நான்தான் அவளுக்கு ஒரு இன்க்ஜெட் பிரிண்டர் விற்றிருந்தேன். அதைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் ஒரு ஏ4 தாள்.

தாளில் அவளுடைய கல்யாணப் படம். புடவை நல்ல எலுமிச்சை மஞ்சள். மாப்பிள்ளை முகம் மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்தவர் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அவள் கண் கலங்கியிருந்தது.

"இது சிவப்புக் கூறை அண்ணா. இவை இதை நம்புவினமோ?"

"யாரும்மா நம்பணும்?"

"இமிக்ரேஷன்."

மெதுவாகக் கேட்டதில் விஷயம் தெரிந்தது. முந்திய வருஷம் யாழ்ப்பாணம் போய்க் கல்யாணம் செய்துவிட்டு, லீவு முடிந்து மூன்றே வாரத்தில் தனியாகத் திரும்பியிருக்கிறாள். கணவருக்கு விசா போட்டிருந்தார்கள். இப்போது கடிதம் வந்திருக்கிறது: உங்கள் கல்யாணம் உண்மையானது என்பதற்கு இன்னும் ஆதாரம் வேண்டும், கல்யாணப் படங்கள், நீங்கள் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் விசா இல்லை என்று சொல்லிவிடுவார்கள். பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளிடம் ஒன்பது நாள் இருந்தது.

"கலியாண வீடியோ முதலே குடுத்திட்டம். அதில சிவப்பு. படத்தில மஞ்சள். இவள் ரெண்டு கலியாணம் செய்தவளோ எண்டு யோசிக்க மாட்டினமோ?"

அப்படியெல்லாம் யாரும் யோசிக்க மாட்டார்கள் என்றேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை.

2. என் பழைய கணக்கு

மெஷினில் நான்கு மை: கறுப்பு, மஞ்சள், நீலம், மெஜெந்தா என்கிற அடர் ரோஸ். சிவப்பு என்று தனி மை கிடையாது. மெஜெந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால்தான் சிவப்பு. மெஜெந்தா வரும் துளைகள் அடைத்துப்போனால் மிச்சம் மஞ்சள்தான். நாஸல் செக் என்ற சோதனைத் தாள் எடுத்துப் பார்த்தேன். மற்ற மூன்றும் கோடு கோடாக வந்தன. மெஜெந்தா இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை.

எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவள் வாங்க வந்த நாளில் லேசரா இன்க்ஜெட்டா என்று கேட்டிருந்தாள். "மாசம் எத்தனை பக்கம் எடுப்பீங்க?" என்று கேட்டேன். "எப்பவாவது ஒருக்கா" என்றாள். அப்போதெல்லாம் என்னிடம் ஒரே கணக்குதான். நிறைய எடுத்தால் லேசர், கொஞ்சமாக எடுத்தால் இன்க்ஜெட். படமும் எடுக்கணும் என்று வேறு சொன்னாள். கலர் லேசர் அந்தக் காலத்தில் துணி துவைக்கும் மெஷின் அளவு, விலையும் எட்டாத உயரம். ஆக இன்க்ஜெட்டைத் தூக்கிக் கொடுத்தேன். கொஞ்சமாக எடுப்பவர் வீட்டில்தான் மை காய்ந்துபோகும் என்பது ரிப்பேர் பெஞ்சில் நிற்கும் முத்துவுக்குத் தெரியும். விற்பனைக் கவுன்ட்டரில் நிற்கும் முத்துவுக்கு அது தோன்றவில்லை. இரண்டு முத்துவும் நானேதான் என்பதுதான் வேடிக்கை.

தாளில் மையைத் தெளிக்கும் ஹெட்டைக் கழற்றி கிளீனிங் திரவத்தில் ஊறவைத்து, சிரிஞ்சில் மெல்லத் தள்ளி, மறுநாள் சிவப்பை வரவழைத்தேன். அவள் முகம் மலர்ந்தது. "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு கலர் பக்கம் எடும்மா, காயாது" என்று சொல்லி அனுப்பினேன்.

3. மறுபடியும் மஞ்சள்

செவ்வாய்க்கிழமை அதே மெஷின், அதே மஞ்சளோடு திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமைக்கு மூன்றே நாள்.

"நீங்கள் சொன்ன மாதிரித்தான் செய்தனான் அண்ணா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா எடுத்தனான். நேற்றுப் பாக்கிறன், திரும்பவும் மஞ்சள்."

பொய் சொல்கிற பெண் இல்லை. நாலு நாளில் ஒரு ஹெட் இப்படி அடைக்கவே கூடாது. எனக்குள் இருந்த பழைய அரிப்பு கிளம்பிவிட்டது. ஒரு மெஷின் ஏன் கெட்டது என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கையில் ஒரு விசாவின் கெடு ஓடிக்கொண்டிருக்க, நான் காரணம் தேடியது சரியா என்று இப்போதும் யோசிக்கிறேன். ஆனால் காரணம் தெரியாமல் இன்னொரு மெஷினைக் கொடுத்தால் அதுவும் இதே கதிதான்.

இன்னொன்றும் உறுத்தியது. நம் ஆட்கள் வீட்டு இன்க்ஜெட்தான் இப்படி அடிக்கடி வந்தது. தெருக்கோடி இத்தாலிக்காரர் மெஷின் நாலு வருஷமாக ஓடுகிறது. ஒருநாள் கிரெக்கே கேட்டிருக்கிறார், "உங்க ஆளுங்க அதுக்குள்ள என்னதான் ஊத்துறாங்க?" என்று.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு, மெஷினையும் எடுத்துக்கொண்டு டூங்காபிக்குப் போனேன்.

4. சுவரில் இருந்த சுவிட்ச்

கதவைத் திறந்தது சுகந்தியின் அண்ணன் ரவி. பஸ் ஓட்டுகிறவர். டீ வந்தது, வடை வந்தது. பிறகுதான் பிரிண்டர் வைக்கும் அறைக்குப் போய் மெஷினைப் பழைய இடத்தில் மாட்ட அனுமதி கிடைத்தது.

"வழக்கமா எப்படி எடுப்பியோ, அப்படியே எடும்மா. நான் சும்மா பார்க்கிறேன்" என்றேன்.

சுவரில் சுவிட்ச் போட்டாள். மெஷின் கறமுற என்று முனகிவிட்டு ஒரு தாளைத் தள்ளியது. தாள் கைக்கு வந்த அதே நொடியில், எட்டிச் சுவர் சுவிட்சை அணைத்தாள். மெஷின் பாதி மூச்சில் நின்றது.

"ஏம்மா உடனே அணைச்சே?"

பதில் வாசலில் இருந்து வந்தது. "இந்த வீட்டில அதுதான் சட்டம்" என்றார் ரவி, பெருமையாக. "வேலை முடிஞ்சா சுவரில நிப்பாட்ட வேணும். ரிவி, ரேடியோ, கேத்தில், எல்லாம். கரண்ட்டும் மிச்சம், நெருப்புப் பயமும் இல்லை. ஊரில இடி மின்னலுக்குப் பிளக்கையே கழட்டி வைக்கிறனாங்கள்."

மெஷினின் மூடியைத் தூக்கினேன். ஹெட் நட்ட நடுவில் நின்றது.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! வேலை முடிந்ததும் ஹெட் வலது ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மெத்தையில் உட்கார வேண்டும். அதுதான் அதற்கு மூடி. மெஷினில் இருக்கும் பட்டனை அமுக்கினால் அது ஒழுங்காகப் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் அணையும். சுவரில் வெட்டினால் நின்ற இடத்திலேயே நிற்கும், மூடி போடாத பேனா மாதிரி. போதாததற்கு, ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் மெஷின் தன்னைத்தானே கழுவிக்கொள்ள மையைக் குடிக்கும். எங்கள் வீட்டிலும் என் மனைவி எல்லாச் சுவிட்சையும் சுவரில்தான் அணைப்பாள். மதுரையில் என் அப்பாவும் அப்படித்தான். நம் ஆட்களின் சிக்கனம்தான் நம் ஆட்களின் பிரிண்டரைக் கொன்றுகொண்டிருந்தது.

விளக்கிச் சொன்னேன். ரவி கொஞ்ச நேரம் ஹெட்டையே பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் நான்தான் பழுதாக்கினனானோ?" என்றார். பாவமாக இருந்தது.

காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் ஹெட் போனது போனதுதான். நான் எடுத்துவந்த திரவத்தை விட்டுப் பார்த்தேன், மெஜெந்தா அசையவில்லை. செவ்வாய் போயே போய்விட்டது.

5. படம் வேறு, கடிதம் வேறு

"ஃபைலைக் கொடும்மா. நாளைக்குக் கடையில எல்லாத்தையும் நானே எடுத்துத் தர்றேன்" என்றேன்.

சுகந்தி ரவியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"படத்தை எடுங்கோ அண்ணா. கடிதம் வேண்டாம்."

"ஏம்மா?"

எனக்கு உறைக்க நேரமாயிற்று. ஒரு வருஷமாக அவரும் அவளும் எழுதிக்கொண்ட ஈமெயில் அத்தனையும் அதில் இருந்தது. அங்கே அவர் இன்டர்நெட் கஃபேயில் உட்கார்ந்து எழுதியவை. கல்யாணமாகி மூன்று வாரத்தில் பிரிந்தவர்கள் என்ன எழுதியிருப்பார்கள்? முன்பின் தெரியாத அதிகாரி படிக்கலாம், அது விதி. தினமும் பார்க்கிற முத்து அண்ணாவின் பெஞ்சில் அந்தத் தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுவதை அவளால் தாங்க முடியாது. வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கியதே அதற்காகத்தான். இதை நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

அப்போதுதான் வேலை இரண்டாகப் பிரிந்தது. படத்தில் மறைக்க ஒன்றும் இல்லை. பிளாக்டவுன் ஷாப்பிங் சென்டரில் போட்டோ பிரிண்ட் போடும் மெஷின் வைத்திருந்தார்கள். வீட்டு இன்க்ஜெட்டை விட நன்றாகவே வரும், மங்காது. கடிதம் வெறும் கறுப்பு எழுத்து. அதற்குச் சின்ன லேசர் போதும். லேசரில் மை கிடையாது, டோனர் என்ற பொடி. மாதக் கணக்கில் தொடாமல் இருந்தாலும் காய எதுவும் இல்லை. சுவரில் அணைத்தாலும் கவலை இல்லை.

புதன்கிழமை காலையில் கிரெக்கிடம் டெமோ லேசரைக் கேட்டேன்.

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வாரம்."

"எதுக்கு?"

"ஒரு புருஷனை வரவழைக்கணும்."

கிரெக் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சிரித்து, எடுத்துக்கொண்டு போ என்று கையை ஆட்டினார்.

அன்று மத்தியானமே அதை அவள் மேசையில் வைத்து, கேபிள் மாட்டி, என் பெயரை ஒரு பக்கம் எடுத்துக் காட்டினேன். சூடாகும்போது அறை விளக்கு ஒரு கணம் மங்கியது. ரவி பதறிவிட்டார். "பயப்படாதீங்க, ஒரு செகண்ட்தான்" என்று அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். கதவைச் சாத்திவிட்டு இருவரும் முற்றத்தில் நின்று கிரிக்கெட் பேசினோம். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை அவள் அழுகிற மாதிரி கேட்டது. ரவி சட்டென்று பேச்சை உரக்க ஆக்கினார். நானும் சேர்ந்துகொண்டேன்.

வியாழக்கிழமை, பிளாக்டவுனில் எடுத்த படங்களோடு கடிதக் கட்டும் இமிக்ரேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவேளை இன்னும் கேட்பார்களோ என்று அவள் அந்த லேசரை விலைக்கே வாங்கி வைத்துக்கொண்டாள்.

6. திரும்பி வந்த பெட்டி

அதற்குப் பிறகு கவுன்ட்டரில் என் முதல் கேள்வி மாறியது. எத்தனை பக்கம் என்று கேட்பதை விட்டேன். கடைசியாக எப்போது எடுத்தீர்கள், என்ன எடுத்தீர்கள், அதை வெளியே கடையில் எடுக்க முடியாதா என்று கேட்டேன். எப்போதாவது எடுப்பவருக்கு எழுத்து என்றால் லேசர். படம் என்றால் கடை. வாராவாரம் கலர் எடுப்பவருக்கு மட்டும் இன்க்ஜெட், கூடவே பட்டனில் அணையுங்கள் என்று ஒரு பிரசங்கம். இளைய தலைமுறை விற்பனையாளர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, சுகந்தி கடைக்கு வந்தாள். பின்னால் ஒரு மெலிந்த ஆள், லேசர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. படத்தில் பார்த்ததை விட நல்ல நிறம்.

"இதை நீங்களே வைச்சிருங்கோ அண்ணா."

"ஏம்மா, மக்கர் பண்ணுதா?"

"சீ, நல்லா வேலை செய்யுது."

"அப்புறம்?"

"இனி பிரிண்ட் எடுக்க ஒண்டும் இல்லை. ஆள் வீட்டில நிக்குது."

பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சில வீட்டுக்கு லேசரும் வேண்டாம், இன்க்ஜெட்டும் வேண்டாம்.