புரிஞ்சுது சார்

ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலத்தில் எனக்கு வந்த தொல்லையெல்லாம் சித்தப்பாவின் உருவத்தில்தான் வந்தது. சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தவர், விமானம் பறக்காததால் கீரமங்கலத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலேயே மாட்டிக்கொண்டார். ஆன்லைன் வகுப்புக்குத் தோதான போன் எங்கள் தெருவில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. அது எனக்கே எனக்கு என்று நான் நினைத்திருந்தேன். அவரோ, "ஒரு புள்ளைக்கு ஒரு போனா? ஒன்னோட கிளாஸு புள்ளைக எல்லாத்தையும் கூட்டியா ஆத்தா" என்றுவிட்டார்.

எங்கள் மல்லிகைத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில்தான் சிக்னல் கிடைக்கும். காலையில் எல்லாப் பிள்ளைகளும் வந்து என்னை இடித்துக்கொண்டு உட்காருவார்கள். ஒருவன் தலை மறைக்கும், இன்னொருவன் திரைமேலேயே தும்முவான்.

கணக்கு சார் பின்னம் நடத்தினார். ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் காலங்காலமாக நடந்துவந்த சுமுகமான ஏற்பாடு அது. சித்தப்பா அதைக் கெடுத்தார். பின்னால் நின்றிருந்தவர் நடுவில் தலையை நுழைத்து, "சார், கீழ இருக்குற நம்பர் பெருசாகுது, பங்கு மட்டும் ஏன் சார் சின்னதாகுது? புள்ளைக முழிக்குதுக. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

திரையில் இருந்தது என் பெயர். மற்ற ஊர்ப் பிள்ளைகள் சிரித்தது போனில் கேட்டது. வகுப்பில் முதலாவதாக வரும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் விடவில்லை.

"எனக்குத்தான் புரியுதே சித்தப்பா!" என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"ஒனக்குப் புரியுது. பவித்ராவுக்கு?"

பவித்ரா எங்களிடம் பூப்பறிக்க வரும் அக்காவின் மகள். வருகைப்பதிவுக்குக்கூட உதட்டை மட்டும்தான் அசைப்பாள். "மண்டையில ஏறாத படிப்ப வச்சுக்கிட்டு என்னத்துக்குங்க? பேசாம என்கூடப் பூப்பறிக்கட்டும்" என்று அவள் அம்மா ஏற்கனவே சொல்லத் தொடங்கியிருந்தார். எனக்கு அது சரியான யோசனையாகவே பட்டது.

கடைசியில் சார், அப்பாவுக்கே போன் செய்தார். "ஒங்க தம்பிய வச்சுக்கிட்டு கிளாஸ் எடுக்க முடியலங்க. போர்ஷன் நகர மாட்டேங்குது." அப்பா சித்தப்பாவின் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, "அங்கிட்டுப் போயி தண்ணி பாய்ச்சு" என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் வகுப்பு வழுக்கிக்கொண்டு போனது. சார் மளமளவென்று பின்னங்களைக் கூட்டினார். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்." அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அப்போதுதான் பவித்ரா முட்டிபோட்டு முன்னால் நகர்ந்தாள். போனுக்கு மிக அருகில் போய், "சார்... மேல இருக்குறத கூட்டுறோம். கீழ இருக்குறத ஏன் சார் கூட்டல?" என்றாள்.

ஒருவரை விரட்டினால் இன்னொருத்தி! அதற்கு விடை எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். சார் கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"யாரும்மா... பவித்ராவா?" என்றார் சார். வருகைப்பதிவில்கூட அவர் கேட்டிராத குரல் அது. "கேளும்மா. நல்லாக் கேளு." அவர் வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு தோசையை எடுத்துவந்து, அதைப் பாதியாகவும் காலாகவும் வெட்டி, எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். போர்ஷன் அன்றைக்கும் நகரவில்லை.

அதற்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்தவே இல்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் அங்கேயும் வந்து கேட்டாள். அவள் அம்மா பூப்பறிக்கும் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் அவள் முதன்முதலாகக் கேட்ட அன்று கொட்டகைக்கு வெளியே வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. "எலேய், தண்ணி ரோட்டுக்கு ஓடுதுடா!" என்று அப்பா கத்திக்கொண்டிருந்தார். வாய்க்கால் உடைந்து பாதையெல்லாம் தண்ணீர். சித்தப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மண்வெட்டியில் சாய்ந்தபடி கொட்டகைப் பக்கம் காதை வைத்து, அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு சிரித்தார். வகுப்பிலேயே கெட்டிக்காரியான எனக்கு, ரோட்டில் தண்ணீர் ஓடுவதில் அப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவே இல்லை.