கதவு திறக்கும்போது தெரிந்த கால்கள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்று இன்னும் குழப்பம்தான். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. தெரியாதவர்கள் ஏதாவது கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பட்ட கஷ்டத்தைத்தான் எழுதுகிறேன்.

போன புரட்டாசியில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். பஸ் ஏறி டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பெண்கள் வார்டில் கூட இருக்க ஒரு பெண் வேண்டும், ஆண் தங்கக்கூடாது என்றார்கள். மற்றப் பெண்களும் படுத்திருக்கிற இடம், அது நியாயம்தான். ஆனால் எங்களுக்குப் பெண்பிள்ளை இல்லை. ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், கல்யாணம் ஆகவில்லை. என் தங்கச்சிதான் வந்து இருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் தங்கச்சிக்கு ஊரிலிருந்து போன். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, அவள் சேர்ந்திருக்கிற நடவு செட்டில் ஆள் போதவில்லை.

"ஒரு ஆளு கொறைஞ்சாலும் என்னத்தான் பேசுவாளுங்க அண்ணே. நட்டுட்டு நாளன்னிக்கு ஓடியாந்துர்றேன். அண்ணிதான் ஒண்ணும் இல்லேன்னு சொல்லுதுல்ல?"

அண்ணி அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பயம். என் மனைவி எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வாள். ஒரு தடவை அறுப்பில் கருக்கரிவாள் விரலில் இறங்கிவிட்டது. முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, தன் பங்கை அறுத்து முடித்து, வரப்பில் ஏறிய பிறகுதான் விரலைக் காட்டினாள். மகன் பிறக்கும்போதும் வலி வந்துவிட்டது என்று அவள் சொல்லவில்லை. நான்தான் பார்த்துக் கண்டுபிடித்தேன். தாங்க முடியாத வலி என்றால் வலது காலை இடது கால்மேல் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

வார்டு வாசலில் ஒரு காவல்கார அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எதிர்ச் சுவரோரமாக நின்றேன். யாராவது உள்ளே போனால் கதவு திறக்கும். அந்த இடைவெளியில் அவள் கட்டிலின் கால்மாடு மட்டும் தெரியும். வயல் வெடிப்பு மாதிரி வெடித்த இரண்டு பாதங்கள். ஆபரேஷனுக்காகக் கழற்றிக் கொடுத்த மெட்டி என் சட்டைப் பையில் இருந்தது.

தங்கச்சி போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கதவு திறந்தது. ஒரு பாதம் இன்னொன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கதவு மூடிக்கொண்டது. அடுத்த முறை திறந்தபோதும் அப்படியே. அதற்கடுத்த முறை இன்னும் வேகமாக.

"அம்மா, உள்ள ஒரே ஒரு தடவை..."

"ஆம்பளைங்க சாயங்காலம்தான் ஐயா. வந்ததுலேருந்து செவுரு விழுந்துரும்கிற மாதிரி முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்கிறீங்க. போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

அப்போது நர்ஸ் வெளியே வந்தார். சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டுதான் அவரிடம் போனேன்.

"சிஸ்டர், அவ காலைத் தேச்சுக்கிட்டே இருக்கா."

"யாருங்க?"

"எங்க வீட்ல. ஜன்னலோரக் கட்டிலு."

"கால்ல என்ன? அரிப்பா?"

"இல்லீங்க... வலி."

"படுத்தே கெடந்தா கால் வலிக்கத்தான் செய்யும். இருங்க, கேட்டுட்டு வர்றேன்."

வயிறு என்று சொல்லியிருக்க வேண்டும். அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரோ என்ற நினைப்பிலேயே வாய் அடைத்துக்கொண்டது. அவர் திரும்பி வந்து, "ஒண்ணும் இல்லேங்கிறாங்களே! இதத் தடவச் சொல்லுங்க" என்று ஒரு களிம்பு டியூபைக் கையில் கொடுத்தார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். அத்தனை கட்டில்களையும் அவர் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டியூபை வாங்கிக்கொண்டு "சரிங்க" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் அம்மா வெந்நீர் பிடிக்க பிளாஸ்க்கோடு வெளியே வந்தார். அதிராம்பட்டினத்துக்காரர், என்னைவிட மூத்தவர்.

"என்ன தம்பி, டியூப்ப வச்சுக்கிட்டு முழிக்கிறீங்க?"

அவர் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னேன். "அவளுக்கு வயித்துலதான் வலிங்க. வலிச்சா காலத் தேய்ப்பா. கேட்டா சொல்ல மாட்டா."

"நல்ல ஜோடி போங்க! அது உள்ள வாயத் தொறக்கல, நீங்க வெளிய தொறக்கல. வாய என்னத்துக்குத்தான் வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?"

பிளாஸ்க்கை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் களிம்பு. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சத்தம் வெளியே கேட்டது.

"நீ சும்மா இரும்மா, ஒன்னய யாரும் கேக்கல! சிஸ்டர், இங்க வந்து தொட்டுப் பாருங்க. வயிறு கல்லாட்டம் இருக்கு!"

ஓடுகிற சத்தம். யாரோ டாக்டரைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தபடியே நின்றது. ஆனால் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்துவிட்டார்கள், இப்போது பாதமும் தெரியவில்லை.

பிறகு அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். கண் மூடியிருந்தது. போர்வைக்கு வெளியே கால்கள் அசையாமல் கிடந்தன. தேய்ப்பது எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தவன்தான் நான். நின்றதும் பயந்துபோய் வண்டிக்குப் பின்னால் ஓடினேன். வண்டி லிஃப்டுக்குள் போனது. "நீங்க படில வாங்க" என்றார்கள். நான் ஏறி வருவதற்குள் அங்கேயும் ஒரு கதவு மூடியாகிவிட்டது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, திரும்பத் திறக்க வேண்டும் என்று ஒரு டாக்டரம்மா சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு என்னால் செய்ய முடிந்தது எதுவுமில்லை. அந்தக் கதவுக்கு எதிரே நின்றேன்.

பிழைத்துக்கொண்டாள். "வலிச்சா சொல்ல வேண்டாமாம்மா?" என்று டாக்டரம்மா திட்டினார்களாம். அவள் சிரித்தாளாம். அதிராம்பட்டினத்து அம்மாதான் சொன்னார். பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துத் திருப்பிக் கொடுத்தேன். நன்றி என்ற சொல் அப்போதும் வெளியே வரவில்லை.

இன்று காலையில் அவள் கொல்லையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கால்மேல் கால் தேய்ந்தது.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்லீங்க."

நாளைக்கு முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன். ஊரெல்லாம் குறுவை நடவு, தங்கச்சி வயலில் நிற்கிறாள். திரும்ப வார்டில் சேர்த்தால் அவளோடு யார் இருப்பது என்று தெரியவில்லை. நர்ஸிடம் சொல்ல வேண்டியதை மாட்டுக்கொட்டகையில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மாடு நிமிர்ந்து பார்த்தது. என் பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

ஆனி மாதம் இருபத்தொன்றாம் தேதி.