பாறை ஏறுகிற ஷூவும் பாய் கடைச் சந்தேகங்களும்

செருப்புக் கடையில் உட்கார்ந்தவன் யாரையும் நம்பமாட்டான். அவனையும் யாரும் நம்பமாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் வியாபாரம் நடக்கிறது. நீங்களும் ஏதோ ஒரு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளுகிறவர் என்றால், இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவீர்கள். விடுங்கள், தப்பில்லை.

என் கடை வில்லியனூரில். பள்ளிக்கூட ஷூ, ரப்பர் செருப்பு, கல்யாணத்துக்குப் போடுகிற மினுமினுப்புச் செருப்பு, இவைதான் சரக்கு. ஒரே ஒரு தட்டில் மட்டும் பாறை ஏறுகிற ஷூ. சிரிக்காதீர்கள். கிருமாம்பாக்கத்தில் மூடிக் கிடந்த அரிசி மில் குடோனை வாடகைக்குப் பிடித்து, சுவர் முழுக்க பிளாஸ்டிக் கற்களைத் திருகி வைத்து, காலேஜ் பிள்ளைகள் பல்லி மாதிரி ஏறிப் பழகுகிறார்கள். லீவு விட்டால் செஞ்சிப் பக்கம் போய் நிஜப் பாறையில் ஏறுகிறார்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் மச்சான், “எடுத்து வைங்க மச்சான், போவும்” என்றான். அவனையும் நம்பாமல்தான் எடுத்து வைத்தேன்.

போட்டோ

முதலில் வந்தவன் தட்டில் இருந்த அத்தனை ஜோடியையும் போட்டுப் பார்த்தான். எழுந்தான், உட்கார்ந்தான், குதித்தான். கடைசியில் ஒன்றைக் கழற்றாமலே ஷூவின் நாக்கைப் புரட்டி, உள்ளே ஒட்டியிருந்த சைஸ் சீட்டை செல்போனில் படம் பிடித்தான். எனக்குத் தெரியாதா? கால் அளவு பார்ப்பது என் கடையில், ஆர்டர் போடுவது ஆன்லைனில். துணிக்கடைக்காரர்களே, உங்களுக்கும் இது தினமும் நடக்கிறதுதானே?

“தம்பி, சைஸ் சீட்டை எதுக்குப்பா போட்டோ எடுக்கற?” என்று கேட்டேன்.

அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. “அம்மாவுக்கு அனுப்பத்தான் பாய். அவங்க கேட்டாங்க.”

விரல்

கலையரசி உறுவையாற்றுப் பெண். நர்ஸிங் படிக்கிறாள். ஒரு நாள் நொண்டிக்கொண்டே உள்ளே வந்து, ஒரு ஷூவை என் மேசையில் டொப்பென்று வைத்தாள். வாழைப்பழம் மாதிரி வளைந்த ஷூ. குடோனில் சொல்லிக்கொடுக்கிற பிரபு மாஸ்டர் வெளியூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது. கால் சைஸை விடச் சின்னதாகத்தான் வாங்க வேண்டும், கண்ணில் தண்ணி வந்தால்தான் சரியான அளவு என்பது அந்தக் குடோனில் எல்லோரும் நம்புகிற வேதம்.

ஷூவைக் குறை சொல்ல முடியாது. சுவரில் அஞ்சு நிமிஷம் ஏறி, இறங்கி, கழற்றிக் கடாசுவதற்கு அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் விடியும்போது ஏறத் தொடங்கி, பொழுது சாயும்போது உச்சிக்குப் போகிற நெடும்பாறைக்கு அதையே போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே வெடிப்புக்குள் காலைச் செருகித் திருகித் திருகி ஏற வேண்டும். பாதி வழியில் இவளுக்கு மடங்கின விரல் நிமிரவே இல்லை. நிற்க முடியாமல் கூட்டமே இறங்கி வந்துவிட்டது. ஊரெல்லாம் என்ன பேச்சு? பொண்ணு பயந்துடுச்சாம்.

பிரபு மாஸ்டர் இன்னும் ஒரே ஒரு தடவை கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவையும் இவளால் இறங்க நேர்ந்தால், இனிமேல் முதல் ஆளாக ஏறுகிற பேச்சே கிடையாது. கீழே நின்று மற்றவர்களுக்குக் கயிறு பிடிக்க வேண்டியதுதான். முதல் ஆளாக ஏறுவது என்றால் விளையாட்டில்லை. மேலே இருந்து கயிறு வராது. போகப் போக நாமே வெடிப்பில் உலோகத் துண்டைச் செருகி, அதில் நம் கயிற்றை மாட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பெண் உயிரை விட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு பயமில்ல பாய். விரலு வலிச்சிது. அத சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேன்றான்.”

சாயங்காலம் வா

“சாயங்காலம் வாம்மா” என்றேன். அவ்வளவுதான், அவள் கண் சுருங்கிவிட்டது. காலையில் காட்ட முடியாத சரக்கை விளக்கு வெளிச்சத்தில் தள்ளிவிடப் பார்க்கிறேனாம். நாள் முழுக்க நடந்தால் கால் வீங்கும், பாறையிலும் அப்படித்தான் வீங்கும், அந்த வீங்கின காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும் என்று நான் தொண்டை கிழியச் சொன்ன பிறகு, அரை மனதோடு போனாள்.

வந்தாள். தட்டையான, லேஸ் கட்டுகிற ஷூ ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். விரல்கள் நீட்டிப் படுத்துக்கொள்ள இடம் இருக்கும், அடி மட்டும் வளையாது. கடையில் ஒரு பழைய அம்மிக்கல் வைத்திருக்கிறேன். அதன் ஓரத்தில் முன்பாதத்தை மட்டும் வைத்து நிற்கச் சொன்னேன். அடி வளைகிற ஷூ என்றால் கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் நடுங்கும். இதில் நடுங்கவில்லை. பிறகு இரண்டு கடப்பைக்கல்லை நெருக்கி நிறுத்தி, நடுவில் காலைச் செருகித் திருகச் சொன்னேன். மேல் தையல் எங்காவது கடிக்கிறதா என்று பார்ப்பதற்கு. கடைசியாக ஒரு டீ வாங்கிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை கழற்றாமல் உட்கார வைத்தேன். வலிக்கிற ஷூ, டீ ஆறுவதற்குள் வலித்துவிடும்.

வலிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மோந்துகூடப் பார்த்தாள்.

“வலிக்கவே இல்லியே பாய். இது விக்காத ஸ்டாக்கா?”

உறுவையாற்றுக்காரர்

மறுநாளே அவள் அப்பா வந்துவிட்டார். கரும்பு போடுகிறவர். பையிலிருந்து அந்த ஷூவை எடுத்து, முழங்காலில் வைத்து, கரும்பை ஒடிக்கிற மாதிரி ஒடிக்கப் பார்த்தார். அது அசையவில்லை. “இன்னா பாய், பலகையை எடுத்து தெச்சி குடுத்துட்டியா? இத போட்டுகினு எம்பொண்ணு எப்படி நடக்கும்?”

“நடக்கறதுக்கு இல்லண்ணே, நிக்கறதுக்கு” என்றேன். பாறையில் விரல் அகலத்துக்கு ஒரு விளிம்பு இருக்கும், அடி வளைந்தால் பாரமெல்லாம் காலுக்கு வரும், வளையாவிட்டால் ஷூ தாங்கிக்கொள்ளும் என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். கெட்டியாகவும் இருக்கும், சொகுசாகவும் இருக்கும் என்று ஒருத்தன் சொன்னால் நானே நம்பமாட்டேன், அவர் ஏன் நம்ப வேண்டும்? ஷூவை மறுபடி பையில் போட்டுக்கொண்டார். போகவில்லை. படியிலேயே நின்றார். அவர் ஷூவுக்காக வந்த ஆள் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

“ஏறதுக்கு ஷூ வச்சிருக்க, சரி பாய். வுழாம இருக்கறதுக்கு இன்னா வச்சிருக்க?”

மாஸ்டர்

பிரபு மாஸ்டர் என் கடைக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. கலையரசி வாங்கின ஷூவைப் பார்த்துவிட்டு ஒரு நாள் வந்தார். வந்தவர் உட்காரவில்லை. தட்டில் இருந்த அதே மாதிரி ஷூவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி. “பாய், உங்க வியாபாரத்துல நான் தலையிடல. ஆனா ஏறத் தெரியாத நீங்க, ஏறவங்களுக்கு எப்படி ஷூ சொல்றீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. வாஸ்தவம்தானே? நான் ஏறினதெல்லாம் கடை பரண் மட்டும்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்க என் ரத்தம் விடவில்லை. “மாஸ்டர், பல்லு டாக்டருக்கு பல்லு வலிக்கணும்னு இருக்கா? உங்க காலைக் கொஞ்சம் காட்டுங்க” என்றேன். காட்டவில்லை. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதைக் குறித்து வைத்துக்கொண்டேன், மனசுக்குள்தான்.

படி இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: “போன தபா பாதியில எறங்குச்சி. இத போட்டுகினு போனா கால்வாசியிலயே எறங்கும், பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை

அவர்கள் பாறைக்குப் போன அன்று காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தேகப்பட வேறு ஆள் கிடைக்காமல் என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை ஒரு சுற்றுப் பெரிதாகக் கொடுத்துவிட்டேனோ? வியர்வையில் உள்ளே வழுக்குமோ? ரப்பர் சரியாக ஒட்டாமல் வந்திருந்தால்? யா அல்லாஹ், அந்தப் பிள்ளை வானத்துக்கும் பூமிக்கும் நடுவில், என் பேச்சை நம்பி அல்லவா நிற்கிறது! பயமாக இருந்தது, ஒளித்து என்ன ஆகப்போகிறது.

அதே பெட்டியில் வந்த இன்னொரு ஜோடியை எடுத்தேன். ஓரத்தை நகத்தால் கீறினேன். தையலைப் பிடித்து இழுத்தேன். போதவில்லை. நானே மாட்டிக்கொண்டு, அம்மிக்கல் ஓரத்தில் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரப்பர் செருப்பு கேட்டு வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். சோறு கொண்டுவந்த என் மனைவியும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏங்க, வந்த ஆளை வுட்டுட்டு நீங்க எந்த மலை ஏறிகினு இருக்கீங்க?”

போன்

பொழுது சாய்ந்ததும் மக்ரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். போன் அடித்தது. கலையரசி. எடுத்ததும் மூச்சு வாங்குகிற சத்தம்தான் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது சிரிப்பு.

நடந்தது இதுதான். கீழ்ப்பாதியில் பிரபு மாஸ்டர்தான் முதல் ஆளாக ஏறியிருக்கிறார். நடுவில் ஒரு திட்டு. அங்கே உட்கார்ந்து, வலி தாங்காமல் தன் ஷூவைக் கழற்றியிருக்கிறார். கழற்றினது கழற்றினதுதான். வீங்கின கால் அந்தச் சின்ன ஷூவுக்குள் மறுபடி போகவே இல்லை. இழுத்துப் பார்த்திருக்கிறார், தண்ணி ஊற்றிப் பார்த்திருக்கிறார், ஊஹூம். எல்லோரும் இறங்க வேண்டும், இல்லையென்றால் வேறு யாராவது முன்னால் போக வேண்டும். இவள் போயிருக்கிறாள். மீதிப் பாறை முழுக்க, வெடிப்பில் உலோகத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டு, முதல் ஆளாக. மாஸ்டர் வெறுங்காலோடு, இவள் மேலேயிருந்து பிடித்த கயிற்றில் வந்து சேர்ந்தாராம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கடைக்காரப் புத்தி போகுமா? “அதெல்லாம் சரிம்மா, ஷூ எப்படி இருந்திச்சி? எங்கயாவது கடிச்சிதா?” என்றேன்.

“ஷூவா? அது கால்ல இருந்ததே ஞாபகம் இல்ல பாய்.”

ஃப்ரெண்டு

அந்த வாரமே ஒருவர் கடைக்கு வந்தார். ரப்பர் செருப்பு, கறுத்துப்போன பெருவிரல் நகம், முகத்தில் மாஸ்க். மாஸ்க் போட்டால் பிரபு மாஸ்டரை எனக்குத் தெரியாமல் போய்விடுமா? முதலில் பள்ளிக்கூட ஷூக்களை வெகு அக்கறையாகப் பார்த்தார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிறகு தெருவை இரண்டு பக்கமும் நோட்டம் விட்டார். பிறகு என் காதருகே வந்தார்.

“கலை வாங்கிச்சில்ல, அது மாதிரி ஒன்னு வேணும் பாய்.”

“உங்களுக்கா மாஸ்டர்?”

“எனக்கு எதுக்கு? ஒரு ஃப்ரெண்டுக்கு. அடுத்த தபா கலைதான் முன்னால ஏறுது. அது பின்னால அவன் போறான்.”

கால் பார்க்காமல் நான் ஷூ கொடுப்பதில்லை, அந்த ஃப்ரெண்டை நேரில் வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் மாஸ்க்கை இறக்கினார். ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவாகச் செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் என் முன்னால் நீட்டினார்.

“என் காலையே பாருங்க பாய். அவனுக்கும் இதே சைஸ், இதே வீக்கம்.”

அந்த ஃப்ரெண்டை நான் இன்றுவரை பார்த்ததில்லை, ஆனால் குடோனிலிருந்து இப்போது வருகிற ஒவ்வொருவனுக்கும் அப்படி ஒரு ஃப்ரெண்டு இருக்கிறான்.