பீடத்தில் மடிக்கணினி

மடிக்கணினியை உணவு மேசையில் வைத்துத்தான் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். வேறோர் இடத்தில் அதை வைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மாலைகளில், வெளிநாட்டிலிருக்கும் எங்கள் மகளோடு வீடியோ அழைப்பில் செபமாலை சொல்லும் வழக்கத்தை என் மனைவி ஏற்படுத்தியிருந்தாள். கைப்பேசியை அவளே பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு செபத்திலும் அம்மா முற்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வோம். மனைவி இறந்த பிறகு அழைப்பைத் தொடங்கிவைப்பது என் வேலையாயிற்று. மகளின் முகம் திரையில் தெரிந்ததும் எழுந்துவிடுவேன். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவேன், குறைப்பேன். செபமாலையின் முதல் பத்து மணிகள் முடிவதற்குள் தெருவில் இருப்பேன். சாந்தோமிலிருந்து லஸ் வரை நடந்து, எதுவும் வாங்காமல் திரும்புவேன்.

"எப்பப் பாத்தாலும் செருப்ப மாட்டிக்கினே நிக்கிற," என்றார் அம்மா. "எனக்குக் கத்துக் குடுத்துட்டு எங்க வேணா போ. அவ வருஷ நினைவுக்கு நானே கால் போட்டுக்குறேன். நடுவுல அறுந்துபோனா உன்னத் தேடிக்கினு இருக்க முடியாது."

நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஏன் என்பது இருவருக்கும் தெரியும்.

அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நான் கல்லூரியில் கற்பித்தவன். எங்களில் யார் ஆசிரியர் என்பது முதல் பாடத்திலேயே முடிவாகிவிட்டது. மவுஸின் மேலிருந்த அவர் விரலை என் விரலால் அழுத்தினேன்.

"கைய எடு. கையப் புடிச்சு எழுத வெச்ச புள்ளைக்கு எழுத்து வராது."

"ரெண்டு தரம் தட்டணும்மா. சீக்கிரம்."

"எதுக்கு? மொத தரம் காதுல வுழலியா அதுக்கு?"

தட்டிவிட்டு, கைகளை மடியில் கோர்த்துக்கொண்டு, மாணவனின் விடைக்குக் காத்திருப்பவர்போல் திரையைப் பார்ப்பார். நான் மேசையைச் சுற்றி வருவேன்.

"உக்காருடா. நீ நடந்தா அது சீக்கிரம் யோசிக்குமா?"

கற்றுக்கொண்டார். அழைக்கவும், அறுந்தால் மீண்டும் அழைக்கவும் தேறிவிட்டார்.

மனைவியின் முதலாம் ஆண்டு நினைவு நாளும் ஒரு சனிக்கிழமையிலேயே வந்தது. காலையில் திருப்பலி, பிறகு கல்லறை. மாலையில் உறவினர் கலைந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பட்டினப்பாக்கம் பக்கம் பாதி வழி போயிருப்பேன், மகள் அழைத்தாள்.

"அப்பா, பாட்டி குரல் வருது, ஆளக் காணோம். அம்மா படம் மட்டும்தான் தெரியுது. கூப்பிட்டாலும் செபத்த நிறுத்த மாட்டேங்கறாங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

திரும்பி நடந்தேன், பிறகு, என் வயதுக்கு ஆகாத வேகத்தில் ஓடினேன்.

மடிக்கணினி, சுவரில் உயரமாக அமைந்த எங்கள் வீட்டுச் செபப் பீடத்தில் இருந்தது. மாதா சுரூபத்துக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவே அதை அம்மா ஏற்றி வைத்திருந்தார். அதற்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்து, முகம் நிமிர்த்திச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். கேமரா அவர் தலைக்கு மேலாக எதிர்ச்சுவரைப் பார்த்தது. அங்கேதான் என் மனைவியின் படம் மாட்டப்பட்டிருந்தது.

அந்தப் பத்து மணிகளும் முடியும்வரை காத்திருந்து, கணினியை இறக்கக் கை நீட்டினேன்.

"தொடாத. சோறு தின்ற மேசையிலயா அவளுக்குச் செபம் சொல்றது?"

"நீ தெரியலம்மா. உன் தலைக்கு மேல பாக்குது."

"நான் தெரிஞ்சு இன்னா ஆவப்போவுது? புள்ள எனக்குத் தெரியுது. நான் சொல்றது புள்ளைக்குக் கேக்குது."

"எடுக்காதீங்கப்பா," என்றாள் மகள். "அம்மா அங்கேயே இருக்கட்டும். இப்ப நீங்கதான் மறைக்கிறீங்க."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "நகருடா. வந்தது வந்துட்ட, ஓரமா நில்லு."

எதிர்ச்சுவர்வரை பின்வாங்கினேன். திரையின் மூலையிலிருந்த சிறு கட்டத்தில் மனைவியின் படமும், அதையொட்டி என் தோளும் தெரிந்தன. அவசரத்தில் செருப்போடு உள்ளே வந்திருந்தேன். குனியாமல், ஒவ்வொன்றாகக் கழற்றிக் காலாலேயே தள்ளினேன். அங்கிருந்து நகர்ந்தால் மகளுக்குத் தெரிந்துவிடும். அவள் திரையில் மறுபடியும் படம் மட்டுமே இருக்கும்.

அம்மா அடுத்த செபத்தைத் தொடங்கினார். முற்பாதியை முடித்து மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில்தான், இவ்வளவு நாளும், மகளின் குரல் இணையத்தில் சற்றுத் தாமதித்து வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

அது வருவதற்குள் நான் மறுபாதியைச் சொல்லத் தொடங்கியிருந்தேன்.